ஒரு மணி பதினேழு நிமிடம்

யான்சே ருமெங்கான் பித்துங் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். பயணிகள் கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று பலகையில் எழுதியது வேறோர் ஆள். எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவேட்டில் எழுதியது யான்சே. அந்த முப்பத்தொரு வருடத்தில் இரண்டு நேரமும் ஒத்துப்போனது பதினோரு தடவை. அதிலும் ஒரு தடவை வந்தது முந்தின நாள் கப்பல்.

இந்த வேலை அவரைச் சந்தேகப் பேர்வழி ஆக்கிவிட்டது என்பாள் மனைவி மெய்ஸ்கே. அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். தான் யாரையும் சந்தேகப்படுவதில்லை, வந்து சேரும்வரை நம்புவதில்லை, அவ்வளவுதான் என்பார்.

அவர்களுக்கு ஒரே மகள், சிஸ்கா. பித்துங்கில் உள்ள மீன் டப்பாத் தொழிற்சாலை ஒன்றில், வந்து இறங்குகிற சூரை மீனை முகர்ந்து பார்த்து நல்லது கெட்டது சொல்கிற வேலை. அந்தத் தொழிற்சாலையில் டப்பா மூடும் எந்திரம் ஒன்று மக்கர் பண்ணியது. அதைச் சரிசெய்யக் கடலுக்கு அந்தப் பக்கம், பிலிப்பைன்ஸின் டாவோ நகரத்திலிருந்து ரெனான்தே என்ற மெக்கானிக்கை ஆறு மாத ஒப்பந்தத்தில் வரவழைத்தார்கள். எந்திரம் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. மீதி மூன்று மாதத்தில் அவனும் சிஸ்காவும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, ரெனான்தே பெண் கேட்டு வந்தான். பெற்றோர் டாவோவில் இருந்ததால் தொழிற்சாலை மேற்பார்வையாளரைப் பெரியவராக அழைத்து வந்திருந்தான். யான்சே வீட்டுப் பக்கம் இருபத்துமூன்று பேர். பொரித்த வாழைக்காயும் மிளகாய்ச் சம்பலும் மூன்று சுற்று வந்தன. சீர்வரிசைப் பேச்சு சுமுகமாகவே போனது. எல்லாம் முடிந்து ஜெபம் சொல்ல எழுந்திருக்கும் நேரத்தில், அதுவரை வாய் திறக்காத யான்சே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவ அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலன்னு வை. இவ டாவோல இருந்து இங்க வந்து நிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த மெய்ஸ்கே திரும்பி அவரைப் பார்த்தாள்.

ரெனான்தே தயங்கவில்லை. கைப்பேசியை எடுத்துத் தேடினான். விமான நிலையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைச் சொல்கிற பக்கம் ஒன்று வந்தது. அதை எழுந்து நின்று, வேதம் வாசிப்பது போல வாசித்தான். "டாவோ, மனாடோ. அறுநூத்தி இருபத்தி நாலு கிலோமீட்டர். பறக்கிற நேரம் ஒரு மணி பதினேழு நிமிஷம், தித்தோ." தித்தோ என்றால் அவன் ஊரில் மாமா.

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பித்துங்கிலிருந்து, விமான நிலையம் இருக்கிற பக்கத்து ஊரான மனாடோவின் சந்தைக்குப் போய்வரவே அதைவிடக் கூட நேரம் ஆகும். மெய்ஸ்கேயின் தங்கை, தான் கட்டிக்கொண்டுபோன ஊர் இதே தீவில்தான் இருக்கிறது, பேருந்தில் வர ஐந்தரை மணி நேரம் ஆகிறது, இவள் வேற்று நாட்டுக்குப் போயும் தன்னைவிடப் பக்கத்தில் இருக்கப் போகிறாள் என்று கொஞ்சம் பொறாமையோடே சொன்னாள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமைக்குக் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

யான்சேயும் தலையாட்டினார். ஆனால் அந்தப் பக்கத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லி, மறுநாள் கடையில் அச்செடுத்து வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் என்று மட்டும் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். பதினேழு நிமிடம் என்று ஒருத்தன் சொன்னால் அவன் அளந்திருக்க வேண்டும். அளந்தது யார் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, பயணச்சீட்டு எடுத்துத் தரும் கடைக்குப் போய், டாவோவுக்குப் போய்வர ஒரு சீட்டு வேண்டும் என்றார். கணினி முன்னால் இருந்த பெண் தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டிப் பார்த்தாள். நேராகப் போகிற விமானம் எதுவும் இல்லை என்றாள். யான்சே அச்செடுத்த தாளை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைப் பொறுமையாகப் படித்தாள்.

"இது தூரம், அங்கிள். நடுவுல இவ்வளவு தூரம் இருக்குன்னு போட்டிருக்காங்க. ஏரோப்ளேன் ஓடுதுன்னு போடலையே."

"அப்ப இந்த நேரம்?"

"ஓடினா இவ்வளவு நேரம் ஆகும்."

முன்பு ஒரு சின்ன விமானம் ஓடிக்கொண்டிருந்ததாம். ஆள் சேரவில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். இப்போது டாவோவுக்குப் போக வேண்டுமென்றால் மனாடோவிலிருந்து ஜகார்த்தா, ஜகார்த்தாவிலிருந்து மணிலா, மணிலாவிலிருந்து டாவோ என்று மூன்று விமானம் மாற வேண்டும். யான்சே அந்த மூன்று தூரத்தையும் சொல்லச் சொல்லி அதே தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தார். ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தது. நேர் வடக்கே அறுநூறு கிலோமீட்டர் போவதற்கு, முதலில் மேற்கே இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து மெய்ஸ்கேயிடம் மட்டும் சொன்னார். ரெனான்தே பொய் சொல்லிவிட்டானா என்று கேட்டாள் அவள். பொய் சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்பது போனால்தான் தெரியும் என்றார் அவர்.

"நீங்க கிணத்துக்குள்ளகூட எட்டிப் பாக்க மாட்டீங்க. ஏரோப்ளேன்ல எப்படிப் போவீங்க?"

"உக்காந்துட்டுப் போவேன்."

கடவுச்சீட்டு வாங்கப் போன இடத்தில், எதற்காகப் பயணம் என்று கேட்ட அதிகாரியிடம், ஒரு நேரத்தைச் சரிபார்க்க என்றார். அதிகாரி 'சுற்றுலா' என்று எழுதிக்கொண்டார். மகளிடம் ஜகார்த்தாவுக்குப் போவதாகச் சொன்னார். ஜகார்த்தாவரைக்கும் அது உண்மைதான்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார். ஒரு பையில் நான்கு சட்டை, அச்செடுத்த தாள், சிஸ்காவின் புகைப்படம். இன்னொரு பையில், சம்பந்தி வீட்டுக்கென்று மூங்கில் சட்டத்தில் கட்டிப் புகைபோட்ட சூரை இரண்டு. விமானம் மேலே ஏறியபோது இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டவர், ஜகார்த்தாவில் இறங்கிய பிறகுதான் விட்டார். ஜகார்த்தாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. அவர் தன் கடிகாரத்தை மாற்றவில்லை. பித்துங்குக்கும் டாவோவுக்கும் ஒரே நேரம்தான், நடுவில் வருகிற ஊருக்கெல்லாம் முள்ளைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது என்று நினைத்தார். அங்கே பத்து மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். மணிலாவுக்குப் போகும் விமானத்தில் நன்றாகத் தூங்கிவிட்டார்.

மணிலாவில் ஓர் அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார். மிகவும் மரியாதையான ஆள். இந்த மீனை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். இது எங்கள் ஊர்ச் சூரை என்றார் யான்சே. எங்கள் ஊரிலும் சூரை இருக்கிறது என்றார் அதிகாரி. யான்சே அந்தப் பதிலை யோசித்துப் பார்த்தார். தப்புச் சொல்ல எதுவும் இல்லை.

"இது பையில இருந்தாத்தானே உள்ள போகக் கூடாது? வயித்துல இருந்தா?"

அதிகாரி கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, அதற்குச் சட்டம் எதுவும் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார்.

யான்சே ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து மீனைப் பிரித்தார். அடுத்த விமானத்துக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. பக்கத்தில் குவைத்திலிருந்து வந்த ஒரு பெண், வராமல் போன தன் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருகிறாளாம். குவைத்திலிருந்து மணிலாவுக்கு ஒன்பது மணி நேரம், மணிலாவிலிருந்து தன் ஊருக்குப் பதினோரு மணி நேரம் என்று விரல்விட்டுச் சொன்னாள். யான்சே அவளுக்குப் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். இரண்டு பேருமாக ஒரு சூரையை முடித்துவிட்டார்கள். இரண்டாவதை முடிக்க முடியவில்லை. அதிகாரியே அதை வாங்கி, எறியாமல் குப்பைத் தொட்டிக்குள் மெதுவாக வைத்தார்.

டாவோ விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. இருக்கைக்கு முன்னால் இருந்த புத்தகத்தில் ஒரு வரைபடம் இருந்தது. மணிலாவிலிருந்து டாவோவுக்குத் தெற்கே ஒரு கோடு. அந்தக் கோடு முடிகிற இடத்திலிருந்து விரலை நேராகக் கீழே இழுத்தால், கடலைத் தாண்டித் தன் வீட்டில் போய் நிற்கிறது என்பதை யான்சே கண்டுபிடித்தார். தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம், டாவோவில் இறங்காமல் இன்னும் ஒரு மணி பதினேழு நிமிடம் ஓட்டினால் தான் வீட்டுக்கே போய்விடலாம் என்றார். அவள் விமானியிடம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ரெனான்தே கல்யாணப் படிவத்தில் எழுதியிருந்த முகவரியை டாக்சிக்காரரிடம் காட்டி, டாவோவின் மீன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று முப்பத்தைந்து. ஆகமொத்தம் முப்பத்தொரு மணி பதினைந்து நிமிடம்.

கதவுக்கு உள்ளே ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து ஒரு சேவலின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ரெனான்தேயின் அப்பா தியோடுலோ. சேவல் சண்டைக் கூடத்தில் நடுவர். இரண்டு சேவலும் விழுந்து கிடக்கும்போது எது ஜெயித்தது என்று சொல்கிறவர். அவர் சொன்ன பிறகு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அதனாலோ என்னவோ, சண்டைக் கூடத்துக்கு வெளியிலும் அவர் அதிகம் பேசுவதில்லை. யான்சே சிஸ்காவின் புகைப்படத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தியோடுலோ படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சேவலைக் கூடையில் போட்டு மூடிவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மனைவி நெனீத்தா உள்ளிருந்து ஓடிவந்தாள். ஏன் சொல்லாமல் வந்தீர்கள் என்று கேட்டபடியே சோறு போட்டாள். சுட்ட சூரைத் தாடையும் தொட்டுக்கொள்ளப் புளித்த காடியும் வைத்தாள். காலையில்தான் பெஞ்சில் உட்கார்ந்து சூரை தின்று முடித்திருந்த யான்சே இதையும் சாப்பிட்டார். துறைமுகத்தில் கற்ற கொச்சை ஆங்கிலம் இவருக்கு, அதைவிடக் கொஞ்சம் நல்ல ஆங்கிலம் அவர்களுக்கு. அது போதாத இடத்தில் சில சொற்கள் இரண்டு பாஷையிலும் ஒன்றாகவே இருந்தன. பிள்ளைக்கு அனாக். வானத்துக்கு லாங்கிட். நோவுக்கு சாகிட். ஐந்துக்கு லீமா. அவற்றை வைத்துச் சமாளித்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் நெனீத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் மகனை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி யான்சேயைக் கேட்டுக்கொண்டாள். அவனுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது, உங்கள் ஊர்ச் சம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்றாள்.

யான்சேக்குப் புரியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் அவன் எங்கள் ஊர்ச் சம்பலை எதற்குச் சாப்பிட வேண்டும் என்று கேட்டார்.

"அங்கதானே இருக்கப் போறான்?"

"யாரு?"

"எங்க மகன். உங்க வீட்டுக்குத்தானே வர்றான்?"

தியோடுலோ எழுந்து போய், மேரி மாதா படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருந்த ஒரு தாளைப் பிரித்தெடுத்து வந்தார். அச்செடுத்த தாள். யான்சே சட்டைப் பையிலிருந்து தன் தாளை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். அவருடையதில் டாவோவிலிருந்து மனாடோ. இவர்களுடையதில் மனாடோவிலிருந்து டாவோ. இரண்டிலும் அறுநூற்று இருபத்து நான்கு கிலோமீட்டர். இரண்டிலும் ஒரு மணி பதினேழு நிமிடம்.

பெண் வீட்டில், பெண் போகிற ஊர் பக்கம்தான் என்று சொல்லியிருக்கிறான். பையன் வீட்டில், பையன் போகிற ஊர் பக்கம்தான் என்று சொல்லியிருக்கிறான். தியோடுலோ இரண்டு தாளையும் சண்டைக் கூடத்தில் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சமம்," என்றார்.

நெனீத்தா கைப்பேசியில் மகனை அழைத்தாள். எடுத்தது சிஸ்கா. யான்சே கைப்பேசியை வாங்கி, தான்தான் பேசுவதாக அவளிடம் சொன்னார். ஜகார்த்தாவில் மழையா என்று கேட்டாள் அவள்.

"நான் ஒன் மாமனார் வீட்ல இருக்கேன், நோனி." அவர்கள் ஊரில் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சிஸ்கா அழாமல், ஆனால் அடங்கின குரலில், உண்மையைச் சொன்னாள். இன்னும் எந்த வீடு என்று அவர்கள் முடிவு பண்ணவில்லை. எதைச் சொன்னாலும் ஒரு வீட்டில் அழுகை. தூரத்தைச் சொன்னால் யாரும் அழவில்லை. அதனால் தூரத்தைச் சொன்னார்கள். ரெனான்தே போனை வாங்கி, தான் இங்கே வந்தது மீன் ஏற்றும் கப்பலில், இரண்டரை நாள் ஆனது, விமானத்தில் ஏறினதே இல்லை என்றான். நேரம் போட்டிருந்ததால் விமானமும் இருக்கும் என்று நினைத்துவிட்டானாம்.

"ஏன்டா, கடல் இருந்தா கப்பல் ஓடுதுன்னு அர்த்தமா?" என்றார் யான்சே. அவர் குரலை உயர்த்தவில்லை. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் பயணிகள் அவரிடம் கத்தியிருக்கிறார்கள். ஒருநாளும் திருப்பிக் கத்தியதில்லை.

தியோடுலோ கையை நீட்டிப் போனை வாங்கினார். மகனிடம் அவர் சொன்னதை நெனீத்தா பிற்பாடு யான்சேக்குச் சொன்னாள்.

"ஒன் மாமனார் முப்பத்தோரு மணி நேரம் வந்திருக்காரு. நாளன்னிக்குக் கிளம்புறாரு. அவரு திரும்பி வீடு போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுதோ, அவ்வளவு நேரம் ஒங்களுக்குத் தர்றேன். அதுக்குள்ள எந்த வீடுன்னு சொல்லிடணும். அப்புறம் யாரும் அழுதாலும் மாத்தக் கூடாது."

இரண்டு நாள் யான்சே அங்கே இருந்தார். காலையில் தியோடுலோவோடு மீன் ஏலம் பார்க்கப் போனார். சாயங்காலம் நெனீத்தா பின்பக்க அறையைத் திறந்து காட்டினாள். அவளுடைய மூத்த பெண்கள் இருவரும் துபாயில் இருக்கிறார்கள். அவர்கள் படுத்த கட்டில்களில் துணி போட்டு மூடியிருந்தது. அந்த அறையில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் எப்படியிருக்கும் என்று யான்சே நினைத்துப் பார்த்தார். பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்மீதே கோபப்பட்டார். அவர் உளவு பார்க்க வந்தவர். வந்த இடத்தில் கட்சி மாறக் கூடாது.

திரும்பி வர முப்பத்துமூன்று மணி நேரம் ஆனது. ஜகார்த்தாவில் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்திருந்தபோது, இந்த நேரமெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேருகிறது, யோசிக்கட்டும் என்று சமாதானப்படுத்திக்கொண்டார். மனாடோ விமான நிலையத்தில் சிஸ்காவும் ரெனான்தேயும் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் தூங்கின மாதிரி தெரியவில்லை. ரெனான்தே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். யான்சே பையை அவன் கையில் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"டாவோ, பப்பா," என்றாள் சிஸ்கா.

"ஏன்?"

"ஒங்களுக்கு வழி தெரிஞ்சுபோச்சு. அவங்களுக்கு இன்னும் தெரியாதே."

யான்சே வண்டியில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று ஒரு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இருபத்துமூன்று பேரும் மறுபடி கூடினார்கள். செய்தி ஊருக்குள் அரைகுறையாகக் கசிந்து, கல்யாணம் நின்றுவிட்டது என்பது வரைக்கும் போயிருந்தது. யான்சே எழுந்து நின்றார். துறைமுகத்தில் அறிக்கை வாசிக்கிற அதே குரலில், சொன்ன நேரம் ஒரு மணி பதினேழு நிமிடம், ஆன நேரம் போகும்போது முப்பத்தொரு மணி பதினைந்து நிமிடம், வரும்போது முப்பத்துமூன்று மணி என்றார். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"வீடு நல்ல வீடு. ஆளுங்க நல்லவங்க. சேவல் சத்தம் மட்டும் ஜாஸ்தி. எம்பொண்ணு அங்க போலாம்."

எல்லோரும் மெய்ஸ்கேயைப் பார்த்தார்கள். அவளுக்காகத்தானே இத்தனையும். அவள் தட்டில் இருந்த வாழைக்காயைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டு முடித்தாள்.

"சரி விடுங்க. நான் ஒன்றரை நாள் முன்னாடியே காய்ச்சல்ல படுத்துக்கறேன்," என்றாள்.

முதலில் சிரித்தது மெய்ஸ்கேயின் தங்கைதான். சிஸ்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். மெய்ஸ்கேயும் பின்னாலேயே போனாள். இரண்டு பேரும் வெகுநேரம் கழித்து, கழுவ வேண்டாத பாத்திரங்களையெல்லாம் கழுவிவிட்டு வந்தார்கள்.

நவம்பரில் தியோடுலோவும் நெனீத்தாவும் கல்யாணத்துக்கு வந்தார்கள். வந்து சேர முப்பத்தாறு மணி நேரம் ஆனது. வழியில் ஒரு பெட்டி தொலைந்துவிட்டது, அதில்தான் தியோடுலோவின் கல்யாணச் சட்டை இருந்தது. யான்சேயின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டார். வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான் போட முடியவில்லை. ஜகார்த்தாவில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு ஓடியதில் முட்டி வீங்கியிருந்தது. தேவாலயத்தில் மணமக்கள் முழங்காலிட்டபோது அவரும் சேர்ந்து முழங்காலிட்டார். எழுந்திருக்க யான்சேதான் கை கொடுத்தார்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. புதன்கிழமை எல்லோரும் டாவோவுக்குக் கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தியோடுலோ தன் தீர்ப்பைச் சொன்னார். இனி விமானத்தில் ஏற மாட்டார். மீன் கப்பல் எப்போது கிளம்புகிறதோ அதில் வருவார். நெனீத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நடுவர் சொன்னது சொன்னதுதான்.

அதனால் புதன்கிழமை சிஸ்காவும் ரெனான்தேயும் நெனீத்தாவும் விமானம் ஏறினார்கள். தியோடுலோ யான்சே வீட்டிலேயே, சிஸ்காவின் அறையில் தங்கினார். மகள் போன பிறகு தன் வீடு எப்படியிருக்கும் என்று மெய்ஸ்கே பல மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். வீடு காலியாக இருக்கவில்லை. முட்டிக்கு எண்ணெய் கேட்கவும், சம்பலைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் கேட்கவும், பக்கத்து வீட்டுச் சேவலைப் பார்த்து இது தேறாது என்று சைகையில் சொல்லவும் ஓர் ஆள் இருந்துகொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலில் கோபம் வந்தது. இரண்டாவது வாரம் அவரே சேவலைத் தூக்கிக்கொண்டு வந்து காட்ட ஆரம்பித்தார்.

காலையில் சம்பந்திகள் இருவரும் துறைமுகத்துக்குப் போய்க் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். பேச்சு அதிகம் இருக்காது. தியோடுலோ கடலைக் காட்டி ஒரு சொல் சொல்வார், யான்சே அதே பொருளுக்குத் தன் சொல்லைச் சொல்வார். ஒத்துப்போனால் இருவரும் தலையாட்டுவார்கள். ஒரு நாள் தியோடுலோ, "உங்க பொண்ணு நேத்து எங்க வீட்ல மீன் குழம்பு வெச்சுதாம். நெனீத்தா போன்ல சொன்னா," என்றார். நன்றாக இருந்ததா என்று யான்சே கேட்டார். தியோடுலோ கொஞ்சம் யோசித்துவிட்டு, நெனீத்தா அதைச் சொல்லவில்லை என்றார்.

மூன்றாவது வாரம், டாவோவுக்குப் பக்கத்துத் துறைமுகமான ஜெனரல் சாந்தோஸுக்குப் போகிற மீன் கப்பல் ஒன்றில், தொழிற்சாலை மேற்பார்வையாளர் சொல்லி, தியோடுலோவைச் சமையல்காரருக்கு உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை கிளம்பும் என்றார்கள். மெய்ஸ்கே வாத்துக்கறியும் தேங்காய்ப் பணியாரமும் செய்து வழியனுப்பினாள். கப்பல் கிளம்பவில்லை. இருவரும் பையோடு திரும்பி வந்தார்கள். வெள்ளிக்கிழமை கோழி அடித்துச் சமைத்தாள். அன்றைக்கும் கிளம்பவில்லை. சனிக்கிழமை அவளுக்குச் சலித்துவிட்டது. பூசணியும் கீரையும் போட்டு வெறும் கஞ்சிதான் வைத்தாள். அன்றைக்குத்தான் கிளம்பியது.

அவளும் துறைமுகத்துக்குப் போயிருந்தாள். கப்பல் விலகும்போது தியோடுலோ கம்பியைப் பிடித்துக்கொண்டு இவர்களைப் பார்த்து என்னவோ சொன்னார். எந்திர இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. யான்சே கையை உயர்த்தினார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் மெய்ஸ்கே.

"தெரியல. கஞ்சி நல்லா இருந்துச்சுன்னு சொல்றாரோ என்னமோ."

கப்பல் கிழக்கே, துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற சின்னத் தீவைச் சுற்றி மறையும்வரை நின்றுவிட்டு, சந்தையில் சின்ன வெங்காயமும் மிளகாயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மெய்ஸ்கே நேராகச் சிஸ்காவின் அறைக்குப் போனாள். அடுத்து யார் வந்தாலும் படுக்கட்டும் என்று கட்டிலை உதறி, வேறு விரிப்புப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தாள்.